பம்பாய் மெயிலும் வள்ளி வேடமும்

1931 அக்டோபர் மாதக் கடைசியில் பம்பாயிலிருந்து சென்னைக்கு ஒரு படப்பெட்டி வந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிய பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், வால்டாக்ஸ் ரோடு நெடுகப் பூத் தூவினார்கள், சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள் என்று பழைய சினிமா பற்றி எழுதிய எல்லோரும் சொல்கிறார்கள். பெட்டி போய்ச் சேர்ந்த இடம் கினிமா சென்ட்ரல் தியேட்டர். பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆனது அதுதான். அக்டோபர் 31 அன்று அங்கே ஓடிய படம் ‘காளிதாஸ்’.

ஊர்வலத்தில் பாதி கதையாகவும் இருக்கலாம். ரயில் பாதை கதையல்ல. அன்றைக்குப் பம்பாயிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பா, ரேணிகுண்டா, புத்தூர் என்று இறங்கித் திருத்தணியைக் கடந்து அரக்கோணம் சேர வேண்டும். 1871-ல் சென்னை ரயில்வேயும் பம்பாய்ப் பக்கத்து ரயில்வேயும் ராய்ச்சூரில் கைகோத்த நாளிலிருந்து அந்தப் பாதை அப்படித்தான். ஆகவே தமிழ் பேசிய முதல் முழுநீளப் படம் சென்னைக்குப் போகும் வழியில் எங்கள் திருத்தணி மலையடிவாரத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், அந்தப் படத்தில் நடிக்கச் சென்னையிலிருந்து பம்பாய் கிளம்பிய பத்தொன்பது வயதுப் பெண்ணும் இதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் போயிருப்பார். அவர் டி. பி. ராஜலட்சுமி.

அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ‘முதல்’ என்ற சொல் வரிசையாக நிற்கும்: முதல் கதாநாயகி, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தப் பட்டங்கள் ஒரு சௌகரியத்தைக் கொடுத்துவிடுகின்றன. பட்டத்தைச் சொல்லி மாலை போட்டுவிட்டால் அந்தப் பெண் என்ன தொழில் செய்தார், எந்தப் பயிற்சியோடு வந்தார், யார் பணத்தில் படம் எடுத்தார் என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், ராஜலட்சுமியின் வாழ்க்கைக்குத் திறவுகோல் காளிதாஸ் அல்ல. இரண்டு வருஷம் கழித்து வந்த ‘வள்ளி திருமணம்’. திருத்தணியில் உட்கார்ந்து எழுதுகிறவன் அப்படித்தான் சொல்வான் என்று வாசகர் நினைத்தால் அதில் தப்பில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காளிதாஸை முடித்துவிடலாம். பம்பாயில் ஆர்தேஷிர் இரானியின் இம்பீரியல் மூவிடோன் எடுத்த படம் அது. அதே இரானி 1931 மார்ச் 14 அன்று ‘ஆலம் ஆரா’வை வெளியிட்டு இந்தியாவில் பேசும் படத்தைத் தொடங்கிவைத்திருந்தார். காளிதாஸை இயக்கியவர் எச். எம். ரெட்டி. வஞ்சகமாக ஒரு மூடனுக்குக் கட்டிவைக்கப்படும் இளவரசி வித்யாதரியாக ராஜலட்சுமி நடித்தார். கதாநாயகன் பி. ஜி. வெங்கடேசன். இளவரசி தமிழில் பேசினாள், காளிதாசன் தெலுங்கில் பதில் சொன்னான். சிறு வேடத்தில் வந்த எல். வி. பிரசாத் இந்தியில் பேசினார். நடுவில் தியாகராஜர் கீர்த்தனைகள். கதைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் போற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு ஒன்றும் உண்டு. படத்தோடு குறத்திப் பாட்டும் ஆட்டமும் கொண்ட நாலு ரீல் துண்டுப்படமும் காட்டினார்கள். ஆனந்த விகடனில் கல்கி விமர்சனம் எழுதினார்.

இதை இன்றைக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒருத்தி தமிழில் கேட்க, ஒருவன் தெலுங்கில் பதில் சொல்ல, அதுவும் ஒரு படமா என்று. திருத்தணி, நகரி, பள்ளிப்பட்டு, ஆர். கே. பேட்டைப் பக்கம் கடைத்தெருவில் அரை மணி நின்று பார்த்தவர் சிரிக்க மாட்டார். புடவைக்கு விலை தெலுங்கில் கேட்டுத் தமிழில் குறைத்துத் தெலுங்கில் முடிப்பது இங்கே விசேஷமே அல்ல. 1931-ல் திருத்தணி சென்னை மாகாணத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவே 1911-ல்தான் உருவானது, ராஜலட்சுமி பிறந்த அதே வருஷம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. மங்கலங்கிழாரும் ம. பொ. சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் நடுவம், 1959-ன் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் வந்தது, மொழிகள் பழையபடி கலந்தே இருக்கின்றன.

சினிமா வரலாற்றுக்கும் இதே மாதிரி எல்லைக்கல் நட்டார்கள். தமிழ்ப் புத்தகங்களில் காளிதாஸ் ‘முதல் தமிழ்ப் படம்’, தெலுங்குக் கதாநாயகன் ஒரு விசித்திரத் தகவல். தெலுங்குப் புத்தகங்களில் எச். எம். ரெட்டியின் ‘பக்த பிரகலாதா’ முதல் தெலுங்குப் படம், காளிதாஸ் ஓர் அடிக்குறிப்பு. பக்த பிரகலாதா 1931 செப்டம்பரில் வந்தது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அது 1932 பிப்ரவரி 6 அன்றுதான் வெளியானது என்று தெலுங்குப் பத்திரிகையாளர் ரெண்டால ஜெயதேவா ஆதாரங்களோடு காட்டிய பிறகு கணக்கு மாறிவிட்டது. முழுநீளப் படமொன்றில் தெலுங்கு வசனம் காதில் விழுந்தது முதலில் ‘தமிழ்ப் படமான’ காளிதாஸில்தான் என்று ஆகிறது. இரண்டு பக்கத்திலும் இதைச் சொல்ல யாருக்கும் பெரிய உற்சாகம் இல்லை.

பக்த பிரகலாதாவில் லீலாவதியாக நடித்த சுரபி கமலாபாயை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடப்பா ஜில்லாவின் சுரபி என்ற கிராமத்தில் 1885 வாக்கில் தொடங்கிய குடும்ப நாடகக் கூட்டத்தின் வாரிசு அவர். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் பிறந்தார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்படும் கதை. ஒரே இயக்குநர், ஒரே ஸ்டூடியோ, சில மாத இடைவெளி, இரண்டு மொழிகளுக்கு இரண்டு கதாநாயகிகள். இருவரும் பயணிக்கும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். பேசும் படம் வந்ததும் பம்பாய் முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது அழகான முகம் மட்டுமல்ல. நாலு மணி நேரம் பாடி, வசனம் மறக்காமல், எதிராளி தடுமாறினால் இட்டுக்கட்டிச் சமாளிக்கிற ஆள் வேண்டும். அப்படிப்பட்ட பெண்கள் தென்னாட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள்: கொட்டகையில்.

ராஜலட்சுமி கொட்டகைக்கு வந்த வழி இயல்பானதல்ல. 1911 நவம்பர் 11 அன்று திருவையாற்றில் பிறந்தவர். அப்பா பஞ்சாபகேசய்யர் கிராமக் கர்ணம். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘டி. பி.’ அந்தத் திருவையாறும் பஞ்சாபகேசனும்தான். பால்யத்திலேயே கல்யாணம் நடந்தது, சீர்வரிசைத் தகராறில் அந்தக் கல்யாணம் முறிந்தது. அப்பாவும் இறந்துபோக, அம்மா குழந்தைகளோடு திருச்சிக்குப் போனார். பெண்ணுக்குக் கல்யாண வயது பதினாலு என்று சட்டம் செய்த சாரதா சட்டம் 1930 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. ராஜலட்சுமிக்கு அது பத்து வருஷம் தாமதம். புருஷன் வீடு திருப்பி அனுப்பிய ஒரு பிராமணச் சிறுமிக்கு அன்றைக்கு இருந்த வழி என்ன? சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி பால்ய விதவைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். திருச்சியில் ஒரு சந்தில் குடியிருந்த குடும்பத்துக்கு அது எட்டாத தூரம். இந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு குரல். ஒருமுறை கேட்டால் பாட்டு மனப்பாடம் ஆகிவிடும் என்பார்கள். சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

அன்றைய நாடக மேடையில் பெண்கள் இல்லாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனி முழுக்கப் பெண்களே நடத்தியது. ஆனால் மேடைக்கு வந்த பெண்கள் பெரும்பாலும் இசையையும் ஆட்டத்தையும் குலத்தொழிலாகக் கொண்ட வீடுகளிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு மேடை ஏறுவதால் இழக்க ஒன்றுமில்லை என்று சொல்வது அநியாயம், இழப்பு வேறு மாதிரி இருந்தது. கர்ணம் வீட்டுப் பெண் ஏறினால் சொந்தபந்தம் மொத்தமும் கதவைச் சாத்தும். சாத்தியது. செல்லப்பா கம்பெனி, தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன கன்னையா கம்பெனி என்று மாறி மாறி நடித்தார். எஸ். ஜி. கிட்டப்பா, எம். கே. தியாகராஜ பாகவதர், வி. ஏ. செல்லப்பா ஆகியோரோடு மேடையேறினார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்குக் கேட்கவில்லை என்றால் நடிகைக்கு மறுநாள் வேலை இல்லை.

மௌனப் படங்களிலும் நடித்தார்: 1929-ல் ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் எடுத்த ‘கோவலன்’, 1931-ல் ‘ராஜேஸ்வரி’. குரலையே சொத்தாக வைத்திருந்தவர் வாய் மட்டும் அசைத்த படங்கள். தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான் என்பதால் அந்த இரண்டு படங்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் காமிராவுக்கு முன் நிற்பது பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் தென்னாட்டு மௌனப் படங்களுக்குப் பெண்கள் கிடைக்காமல் ஆங்கிலோ இந்தியப் பெண்களைத் தேடிப்போனார்கள். திருவனந்தபுரத்தில் ஜே. சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்த பி. கே. ரோஸி தலித். படம் திரையிட்டபோது கலவரம் செய்தார்கள், அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். ஊரைவிட்டு ஓடிய அவர் நாகர்கோவில் பக்கம் பெயர் தெரியாமல் வாழ்ந்து முடிந்தார். மலையாளத்தின் முதல் கதாநாயகி அவர். ராஜலட்சுமிக்கு உறவு போனது, ரோஸிக்கு எல்லாமே போனது. இரண்டையும் ஒரே தராசில் ‘முன்னோடிகளின் துன்பம்’ என்று நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

இனி வள்ளி. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணத்தில்தான் போய் முடிகிறது. மேல்பாடிப் பக்கத்து வள்ளிமலையில் நம்பிராஜனுக்கு வளர்ப்பு மகளாகத் தினைப்புனம் காத்தவளை மணந்து முருகன் திருத்தணிக்கு வருகிறான். சூரனை அழித்த சினம் தணிந்த தலம் என்பதால் இங்கே சூரசம்ஹார விழா கிடையாது, மற்ற ஊர்களில் வேல் பாயும் நாளில் இங்கே மூலவருக்குப் பூ அர்ச்சனை. மாசிப் பெருவிழாவில் வள்ளி கல்யாணம், சித்திரைப் பெருவிழாவில் தெய்வானை கல்யாணம். இரண்டுக்கும் கூட்டம் வரும். ஆனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிற சனம் வள்ளியைத்தான் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பேசும்.

மேடையில் வள்ளியை உண்டாக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள். கந்தபுராணத்துக் கதையை எடுத்து அவர் எழுதிய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் கல்யாணம் சின்ன விஷயம். விடிய விடிய நடப்பது வாக்குவாதம். பரண்மேல் நின்று வள்ளி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுவாள். நாரதர் வந்து கல்யாணப் பேச்செடுப்பார், அவரோடு தர்க்கம். பிறகு வேடனாக முருகன், அவனோடு தர்க்கம். பிறகு கிழவனாக முருகன், அவனோடும் தர்க்கம். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். வசனத்தில் பாதி அன்றைக்கு மேடையில் முளைப்பது. எதிரில் நிற்கிற ராஜபார்ட் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் வள்ளி வேடக்காரி அவரை மடக்கலாம், சபை கைதட்டும். சீதையோ சாவித்திரியோ நளாயினியோ இந்த இடத்தை ஒரு நடிகைக்குத் தருவதில்லை. அவர்கள் பொறுத்துப் பெருமை பெறுகிறவர்கள், வள்ளி பேசிப் பெருமை பெறுகிறவள்.

எங்கள் வடக்குப் பக்கத்தில் இந்த நாடகத்தைவிடத் தெருக்கூத்துதான் ஊறியது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குப் பதினெட்டு நாள் பாரதம், பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். வள்ளி திருமணத்துக்கு மதுரை, புதுக்கோட்டைப் பக்கம்தான் தாய்வீடு. இன்றும் அங்கே ஸ்பெஷல் நாடகம் என்றால் பத்தில் பாதி வள்ளி திருமணம்தான் என்று தோன்றும். அங்கே நடிகையைக் கம்பெனி மாதச் சம்பளத்துக்கு வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாகத் தேதி கொடுத்து, தனியாகக் கூலி பேசி, வேறு ஊர்களிலிருந்து வருகிற வேடக்காரர்களோடு அன்று ராத்திரிதான் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. வாய்ச் சாமர்த்தியமும் தொழில் நாணயமும்தான் மூலதனம்.

இந்த வேடத்தைத்தான் 1933-ல் ராஜலட்சுமி திரைக்குக் கொண்டுபோனார். படத்தை எடுக்க முன்வந்தவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். அவரும் ரயிலில் தொடங்கியவர்தான். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுக் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். படம் காட்டுகிறவருக்கு ஜனம் எதற்குக் காசு கொடுக்கும் என்று தெரியும். கொட்டகையில் வருஷக்கணக்காக நிரம்பி வழிந்த நாடகத்தை எடுத்துக் கல்கத்தா பயனியர் ஃபிலிம் கம்பெனியோடு சேர்ந்து படமாக்கினார். இயக்கம் பி. வி. ராவ். முருகனாக சி. எம். துரை. சென்னையில் அப்போது ஒலிப்பதிவு ஸ்டூடியோ கிடையாது. வள்ளிமலைக் குறவர் மகள் தினைப்புனம் காக்கக் கல்கத்தா போக வேண்டியிருந்தது. அந்த ரயில் கூடூர் வழி, திருத்தணியைத் தொடாது.

படம் நன்றாக ஓடியது. அந்த வருஷத்துப் பெரிய வெற்றி என்றே எழுதுகிறார்கள். அதே வருஷம் கல்கத்தாவில் எடுத்த ‘சாவித்திரி சத்தியவான்’ படத்திலும் அவர்தான் நாயகி. 1934-ல் ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’. ‘சினிமா ராணி’ என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வள்ளி திருமணத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்துகொண்டார். முதல் கல்யாணத்தைப் பெரியவர்கள் முடித்து அவர்களே முறித்தார்கள், இதை அவரே முடித்தார்.

காளிதாஸைவிட வள்ளி திருமணம் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். காளிதாஸில் அவர் ஒரு பம்பாய் முதலாளியின் பரிசோதனையில் கூலிக்கு நடித்த பெண். ரீலில் சத்தம் வந்ததே அதிசயம் என்று ஜனம் பார்த்தது. யார் நாயகியாக இருந்திருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். 1933-ல் அதிசயம் தீர்ந்துவிட்டது. பேசும் படங்கள் வரத் தொடங்கி, எது நல்லது எது சுமார் என்று ஆட்கள் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சந்தையில் ராஜலட்சுமியின் வள்ளிக்காக டிக்கெட் வாங்கினார்கள். பெயருக்கு விலை வந்தது. அந்த விலையை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் மீதிக் கதை.

அதற்கு முன் அமெரிக்கப் பக்கம் ஒரு பார்வை. 1908-ல் நியூயார்க்கின் பயோகிராஃப் கம்பெனியில் நடித்த ஃபுளோரன்ஸ் லாரன்ஸின் பெயரை அந்தக் கம்பெனி வெளியிடவே இல்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் கேட்பார்கள் என்ற பயம். ரசிகர்கள் ‘பயோகிராஃப் பெண்’ என்று மட்டும் அறிந்திருந்தார்கள். 1910-ல் கார்ல் லெம்லி அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்து, அவர் செத்துவிட்டதாக வதந்தி கிளப்பி, அதைத் தானே மறுத்துப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, பெயரை ஊரறியச் செய்தார். லாரன்ஸும் பயணிக்கும் மேடைக் கூட்டத்தில் வளர்ந்த குழந்தைதான், அம்மாவே ஒரு நாடகக் குழு நடத்தியவர். 1912-ல் கணவரோடு விக்டர் என்ற சொந்தப் படக்கம்பெனி தொடங்கினார். கொஞ்ச காலம் நடந்தது. விபத்து, உடல்நலக் குறைவு, பிறகு பெரிய ஸ்டூடியோக்களில் துணை வேடங்கள். 1938 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். கல்லறையில் பெயர்ப்பலகை வைக்கவே 1991 வரை ஆனது.

தமிழ்நாட்டில் இந்த ஒளித்துவைக்கும் விளையாட்டு செல்லுபடியாகவில்லை. நடிகையின் பெயர் சினிமாவுக்கு முன்பே நாடக நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது. சினிமா முதலாளி அந்தப் பெயரைத்தான் வாங்கினார். கணவர் கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்த பிறகு நடிக்க மறுத்துக்கொண்டிருந்த கே. பி. சுந்தராம்பாள், ‘நந்தனார்’ படத்துக்கு (1935) ஒரு லட்சம் கேட்டு வாங்கினார் என்பது அந்தப் பேரம் எங்கே போய் நின்றது என்று காட்டும். மேடையில் அவரும் புகழ்பெற்ற வள்ளிதான்.

1936-ல் ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’ எடுத்தார். ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்று சொந்தக் கம்பெனி. ‘கமலவல்லி’ என்று தானே எழுதிய நாவல்தான் கதை. வசனம், இயக்கம், தயாரிப்பு, நாயகி வேடம் எல்லாம் அவரே. புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சமூகக் கதை, அதுவும் பெண்ணின் விருப்பமும் பெற்றோர் செய்யும் கல்யாணமும் மோதும் கதை. தன் முதல் கல்யாணத்தை அவர் மறந்திருக்க மாட்டார் என்று நாம் ஊகிக்கலாம். அதைப் படத்தின் அர்த்தமாக்கிவிட வேண்டியதில்லை, பிரதியே கிடைக்காதபோது.

இந்தியாவில் அவருக்கு முன்னால் பெண் இயக்குநர் உண்டு. பம்பாயில் ஃபாத்மா பேகம் 1926-லேயே ‘புல்புல்-இ-பரிஸ்தான்’ எடுத்தார். தெற்கில் ராஜலட்சுமிதான். அதே 1936-ல் ஹாலிவுட்டில் டாரதி ஆர்ஸ்னர் ‘கிரெய்க்ஸ் வைஃப்’ எடுத்தார். அத்தனை பெரிய ஹாலிவுட்டில் அந்தப் பத்தாண்டில் பெண் இயக்குநர் என்று சொல்ல ஏறக்குறைய அவர் ஒருவரே. 1910-களில் லோயிஸ் வெபர் போன்ற பெண்கள் அங்கே நிறையவே படம் இயக்கியிருந்தார்கள், ஸ்டூடியோக்கள் பெரிய முதலீட்டு வியாபாரமானதும் வெளியே தள்ளப்பட்டார்கள். தமிழ் சினிமா அப்போது இன்னும் பெரிய வியாபாரமாகவில்லை. நாடகக் கம்பெனி போலச் சில்லறையாக இருந்தது. அந்தச் சில்லறைத்தனத்தில்தான் பெண்களுக்கு இடம் இருந்தது. 1934-ல் சென்னையில் ஏ. நாராயணன் தொடங்கிய ஸ்ரீனிவாசா சினிடோனில் ‘ஸ்ரீனிவாச கல்யாணம்’ படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனா. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்கிறார்கள். குடும்பமும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடந்ததால் மனைவி கருவிக்கு முன் உட்கார்ந்தார். பிற்பாடு பெரிய ஸ்டூடியோக்கள் எழுந்ததும் ஒலிக்கருவிக்குப் பக்கத்தில் பெண் நிற்கவே ரொம்ப காலம் ஆயிற்று. மிஸ் கமலா வந்த அதே 1936-ல் வெளியான ‘சதி லீலாவதி’யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். அவருக்குக் கிடைத்த வரலாற்று இடத்தையும் ராஜலட்சுமிக்குக் கிடைத்ததையும் புத்தகப் பக்கங்களில் எண்ணிப் பார்க்கலாம். எம்ஜிஆரின் முதல் படம் அது என்பதும் ஒரு காரணம்தான்.

1930-களின் கடைசியில் ‘மதுரை வீரன்’ எடுத்தார். 1938-ல் ஏவிஎம்மின் ‘நந்தகுமார்’ படத்தில் யசோதையாக வந்தார். இருபத்தேழு வயதுக்குள் தாய் வேடம், நம் சினிமாவின் பழைய வழக்கம்தான். பிறகு தேசிய உணர்வோடு ‘இந்தியத் தாய்’ என்ற படத்தில் கையிலிருந்ததைப் போட்டார். காங்கிரஸ் மந்திரிசபை இருந்த 1937–39 காலத்தில் தணிக்கை தளர்ந்திருந்தது, காந்தி குல்லாய்க் காட்சிகள் தைரியமாக வந்தன. 1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்ததும் காற்று திரும்பியது. கே. சுப்பிரமணியத்தின் ‘தியாக பூமி’யையே 1940-ல் தடை செய்தார்கள். ராஜலட்சுமியின் படமும் தணிக்கையில் அடிபட்டு, பெயர் மாறி வெளிவந்து, நஷ்டத்தில் முடிந்தது. சுப்பிரமணியம் தாங்கினார். அவருக்குப் பின்னால் விநியோகஸ்தர்களும் நண்பர்களும் இருந்தார்கள். ராஜலட்சுமிக்கு இருந்தது சொந்த வீடும் நகையும். ஒரு படத்தின் நஷ்டம் ஒரு முதலாளியைச் சாய்க்காது, தொழிலாளியாக இருந்து முதலாளியானவரைச் சாய்த்துவிடும். காளிதாஸில் ராட்டினப் பாட்டுப் பாடிய பெண் எட்டு வருஷத்தில் அதே அரசியலுக்காக நொடித்துப் போனார் என்பதை யாரும் தியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வியாபாரத் தோல்வி என்று எழுதப்பட்டிருக்கிறது.

நாற்பதுகளில் சினிமா வேறு ஆட்களுடையது. டி. ஆர். ராஜகுமாரி வந்துவிட்டார். பின்னணிப் பாட்டு வந்ததும் பாடத் தெரிந்தவர்தான் நடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போனது. மைக் இல்லாத கொட்டகையில் சம்பாதித்த குரலுக்கு இனித் தனி மதிப்பில்லை. சிறு வேடங்கள் சில, பிறகு ஓய்வு. 1961-ல் சங்கீத நாடக சங்கத்தின் மாநில விருது கிடைத்தது. 1964 ஆகஸ்ட் 20 அன்று இறந்தார்.

காளிதாஸ், வள்ளி திருமணம், மிஸ் கமலா, எதற்கும் பிரதி இல்லை. இன்றைக்குப் பார்க்கக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ்ப் பேசும் படங்களில் ஒன்று 1934-ன் ‘பவளக்கொடி’, அதில் அவர் இல்லை. அதனால் அவரைப் பற்றிய எழுத்துகள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கின்றன. ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் பட்டியல், ராண்டார் கையின் நினைவுக் கட்டுரைகள், அவற்றிலிருந்து மற்றவர்கள். ஊர்வலமும் சூடமும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகின்றன. தியடோர் பாஸ்கரன் வேறு வழியில் போனார். தணிக்கைக் கோப்புகளையும் அரசாங்கப் பதிவுகளையும் புரட்டினார். 1918-ன் சட்டப்படி மாகாணத்தில் தணிக்கைக் குழு அமைந்த பிறகு, அனுமதி பெற்ற படங்களின் விவரங்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் வந்துகொண்டிருந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த கெஜட் தொகுதிகள் இருக்கின்றன. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீஸ்களும் இருக்கின்றன. மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் அச்சிலேயே வந்துவிட்டன, கம்பெனி வாழ்க்கையின் வரவு செலவு அதில் தேதிவாரியாகக் கிடக்கிறது. மிஸ் கமலா எத்தனை ரீல், இந்தியத் தாயில் எந்தக் காட்சிக்குக் கத்தரி விழுந்தது, வள்ளி திருமணத்தில் நாரதர் தர்க்கத்துக்கு எத்தனை பாட்டு விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு ஒருவர் இவற்றின்முன் உட்கார்ந்தால் போதும். இன்னொரு ‘முதல் கதாநாயகி’ கட்டுரை அதுவரை காத்திருக்கலாம்.